அலைக்கும் நிறம் பார்த்தார்கள்!

கடலுக்கு வேலி போட முடியுமா? முடியும் என்று செய்து காட்டினர் தென்னாப்பிரிக்காவின் வெள்ளை ஆட்சியாளர்! முள்கம்பி கட்டவில்லை, மதில் எழுப்பவில்லை. மணலிலே ஒரு பலகையை நட்டனர். 'வெள்ளையருக்கு மட்டும்' என்று அதிலே எழுதினர். அவ்வளவுதான்! பலகைக்கு அப்பால் கிடந்த மணல், மணலைத் தொட்ட நீர், நீரிலே எழுந்த அலை அத்தனையும் ஒரே நிறத்தாரின் உடைமையாகிவிட்டது.

அந்தப் பலகைகள் இன்று இல்லை. இன்று அதே மணலில் வேறு பலகைகள் கிடக்கின்றன. அலைமீது ஏறிச் சறுக்கும் பலகைகள். கறுப்புச் சிறுவன் ஒருவனும் வெள்ளைச் சிறுமி ஒருத்தியும் ஆளுக்கொன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நீரை நோக்கி ஓடுவதை அங்கே எந்த ஞாயிற்றுக்கிழமையும் காணலாம். அந்தக் கரையின் கதையைத்தான் இன்று வாசகர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம். விளையாட்டுக் கதைதானே என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். விளையாட்டிலேகூட விஷம் கலந்தவர்களின் கதை இது.

கேப் டவுன் நகருக்குத் தெற்கே, ரயிலேறினால் ஒரு மணி நேரத்துக்குள் சென்றடையக்கூடிய ஊர் மியூசன்பர்க். நன்னம்பிக்கை முனையைப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். அந்த முனைக்குக் கிழக்கே நிலத்தைக் குடைந்துகொண்டு உள்ளே வரும் பெரிய விரிகுடா 'ஃபால்ஸ் பே'. பொய் விரிகுடா என்று பொருள். கீழ்த்திசை நாடுகளிலிருந்து திரும்பிய பழைய மாலுமிகள், ஒரு முனையை இன்னொரு முனையென்று எண்ணி ஏமாந்து உள்ளே திரும்பிவிடுவார்களாம். அதனால் வந்த பெயர். அந்த விரிகுடாவின் வடமேற்கு மூலையில், மலையடிவாரத்தில் ஒதுங்கிக் கிடக்கிறது மியூசன்பர்க் கடற்கரை.

ஒதுங்கிக் கிடப்பதுதான் அதன் சிறப்பு. தென்கடலின் புயல்களிலே பிறந்து ஆயிரக்கணக்கான மைல் உருண்டு வரும் பேரலை, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகன்ற விரிகுடாவின் வாய்க்குள் நுழைகிறது. உள்ளே வர வர ஆழம் குறைகிறது. தரை மெல்ல மெல்ல மேடேறுகிறது. அலையின் அடிப்பாகம் தரையில் உராய, அதன் சீற்றம் தணிகிறது. மூலைக்கு வந்து சேரும்போது அது நீண்ட, நிதானமான, நுரை பொங்கும் அலையாகத்தான் உடைகிறது. பின்னாலிருக்கும் மலை, குளிர்காலத்து வடமேற்குக் காற்றுக்குத் தடுப்பாக நிற்கிறது. கோடையிலே தென்கிழக்குக் காற்று கிளம்பினால் மட்டும் கடல் கலங்கும். மற்ற நாட்களில், புதிதாகக் கற்க வருவோருக்கு இதைவிட இரக்கமுள்ள கடல் அந்த நாட்டிலே கிடைப்பது அரிது. தண்ணீர் குளிர்ந்துதான் இருக்கும். உடலோடு ஒட்டிய ரப்பர் உடுப்பு மாட்டிக்கொண்டுதான் பலரும் இறங்குகிறார்கள்.

கற்றுக்கொடுக்கும் முறையைக் கேளுங்கள். முதற்பாடம் நீரிலே அல்ல, மணலிலே. எட்டு, ஒன்பது அடி நீளமுள்ள மெத்தென்ற பலகையில் குப்புறப் படுக்கச் சொல்வார்கள். கைகளால் துழாவு, உள்ளங்கைகளை ஊன்று, ஒரே துள்ளலில் எழுந்து நில், முழங்காலை மடக்கு, பார்வை கரையின்மேல் இருக்கட்டும் என்பார்கள். காலைக் குனிந்து பார்த்தவன் விழுந்தான்! மணலில் பத்து முறை இந்த வேடிக்கை முடிந்த பிறகு, இடுப்பளவு நீருக்கு அழைத்துச் செல்வார்கள். பின்னாலிருந்து நுரையலை வருகிறது; பயிற்றுநர் பலகையை ஒரு தள்ளு தள்ளுகிறார். எழுகிறான் சிறுவன், தள்ளாடுகிறான், தொப்பென்று விழுகிறான். உப்புநீரைத் துப்பிக்கொண்டு எழுந்து நிற்கிறான். ஏன் நிற்க முடிகிறது? காலுக்குக் கீழே மணல் இருக்கிறது! இழுத்துச் செல்லும் நீரோட்டம் அங்கே வலுவாக இல்லை. மீண்டும் பலகை, மீண்டும் அலை, மீண்டும் விழுகை. இருபதாவது முறையோ முப்பதாவது முறையோ, நான்கு விநாடி நிற்கிறான். அந்த நான்கு விநாடிக்கு அவன் முகத்தைப் பார்க்க வேண்டும்!

விழுந்தாலும் உயிர் போகாது என்ற உறுதி எங்கே இருக்கிறதோ, அங்கேதான் எதையும் கற்க முடியும். அப்படிப்பட்ட இடத்தைத்தான் ஒரு கூட்டம் தனக்கென்று வளைத்துக்கொண்டது.

வளைத்த கதை நெடியது. 1795 இல் இந்த மியூசன்பர்க்கில்தான் பிரிட்டிஷ் படை டச்சுக்காரரை முறியடித்துக் கேப் நிலத்தைக் கைப்பற்றியது. நிலத்துக்குரியவர்கள் யாரோ, அடித்துக்கொண்டவர்கள் யாரோ! ஒரு நூற்றாண்டு கழித்து இதே ஊரில் ஒரு சிறு வீட்டை வாங்கி ஓய்வெடுக்க வந்தார் வைரச் சுரங்கச் சீமான் செசில் ரோட்ஸ். 1890 முதல் 1896 வரை கேப் குடியேற்றத்தின் பிரதமராக இருந்தவர் அவர். கறுப்பரின் நில உரிமையைச் சுருக்கி, அவர்களைக் கூலி வேலைக்கு விரட்டுவதற்கு வரியும் போட்ட கிளென் கிரே சட்டம் 1894 இல் அவருடைய ஆட்சியில் வந்தது. 1902 மார்ச் 26 அன்று அந்த வீட்டிலேயே அவர் மூச்சு நின்றது. வீடு இன்று காட்சியகம்.

பிறகு மியூசன்பர்க் செல்வச் சீமான்களின் கோடைவாசத் தலமாயிற்று. 1922 இல் உலகப் பயணம் கிளம்பிய ஓர் ஆங்கிலத் தம்பதி இங்கே வந்து, மெல்லிய பலகையில் குப்புறப் படுத்து அலையில் சறுக்கக் கற்றுக்கொண்டனர். மனைவியின் பெயர் அகதா கிறிஸ்டி. ஆம், துப்பறியும் நாவல்களால் உலகப் புகழ் பெற்ற அதே அம்மையார்தான்! கொலைக்கதை எழுதியவர் கூச்சலிட்டுக்கொண்டு அலையில் சறுக்கினார் என்பது நமக்கும் இனிக்கும் செய்திதான். அவர்மேல் நமக்கு மனத்தாங்கல் ஏதுமில்லை. ஆனால் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்த சீமாட்டிக்குக் கிடைத்த அலை, அடுத்த ஊரிலே பிறந்து வளர்ந்த மீனவன் மகனுக்குப் பின்னாளில் இல்லையென்று ஆனதே, அதைத்தான் கேட்கிறோம்.

அடுத்த ஊர் கால்க் பே. ரயிலில் இரண்டு நிலையம் தள்ளி. மலாய் வழியினர், பிலிப்பைன்ஸ் தீவுகளிலிருந்து வந்து தங்கியவர்கள், கலப்பினத்தவர் என்று பலரும் தலைமுறை தலைமுறையாக வலை வீசிப் பிழைத்த ஊர். 1967 இல் அந்த ஊரை 'வெள்ளையர் பகுதி' என்று அறிவித்தது அரசு! கடலையே அறிந்தவர்களிடம் கடலோரம் உமக்கில்லை என்றது. மீனவர்கள் மல்லுக்கு நின்றனர். ஒரு பகுதியினர் இருந்த இடத்தைக் காப்பாற்றியும் கொண்டனர். மற்றவர்கள் மூட்டை கட்ட வேண்டியதாயிற்று.

இதற்கெல்லாம் சட்டம் இருந்தது. சட்டத்தின் கதையைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். ஏனெனில் அநீதி எப்போதும் அங்கி அணிந்துகொண்டுதான் நீதிமன்றத்துக்கு வருகிறது. 1952 இல் நிறவெறிச் சட்டங்களை மீறும் கிளர்ச்சி நடந்தபோது, லூசு என்ற ஆப்பிரிக்கர் வெள்ளையருக்கென ஒதுக்கப்பட்ட ரயில் நிலையத் தங்கும் அறைக்குள் சென்று அமர்ந்தார். வழக்கு மேல்முறையீட்டு மன்றம்வரை போயிற்று. தனித்தனி அறை வைப்பதென்றால் இரண்டும் சமமாக இருக்க வேண்டுமே, இல்லையே என்று சொல்லி, மன்றம் அவரைக் குற்றவாளியல்ல என்றது. ஆட்சியாளர் என்ன செய்தனர்? தீர்ப்புக்குத் தலை வணங்கி அறைகளைச் சமமாக்கினரா? அதுதான் இல்லை! அதே 1953 இல் புதுச் சட்டம் கொண்டுவந்தனர். பொது இடங்களை இனவாரியாக ஒதுக்கலாம். ஒதுக்கப்பட்டவை சமமாக இருக்க வேண்டியதில்லை என்று சட்டத்திலேயே எழுதி வைத்தனர். நயவஞ்சகன்கூடச் சமம் என்று நாவால் சொல்லிவிட்டுக் கையால் குறைப்பான். இவர்களோ, குறைவாகத்தான் கொடுப்போம் என்று எழுதி முத்திரையும் குத்தினர்! 1960 இல் ஒரு திருத்தம் வந்தது. அது கடலோரத்தையும் அந்தச் சட்டத்தின் கைக்குள் கொண்டுபோய் வைத்தது.

"எல்லாருக்கும் கடல் இருக்கிறதே! இவர்களுக்கு இது, அவர்களுக்கு அது. இதில் என்ன குறை?" என்று அன்று கேட்ட கனவான்கள் உண்டு. என்ன குறை என்பதை அந்தக் கரையோரமாகவே நடந்து பார்க்கலாம். மியூசன்பர்க்கிலிருந்து கிழக்கே போகப் போக மலை விலகுகிறது, மறைவு போகிறது, விரிகுடாவுக்குள் வரும் அலை நேருக்கு நேர் வந்து மோதுகிறது. அந்தத் திறந்த கரையில்தான் வெள்ளையரல்லாதாருக்கு இடம் கொடுத்தார்கள். ஸ்ட்ராண்ட்ஃபோன்டெய்ன் கலப்பினத்தவருக்கு. இன்னும் கிழக்கே, 1980களில் கயலிட்சா என்ற கறுப்பர் குடியிருப்பு உருவானபோது, அதன் மக்களுக்கென்று மொன்வாபிசி. அங்கே கடலுக்குள் நீட்டி ஒரு தடுப்புச் சுவர் கட்டினார்கள். பாதுகாப்புக்குக் கட்டிய சுவரென்றுதான் எவரும் நினைப்பர். அந்தச் சுவரோரமாகவே ஆளை உள்ளுக்கு இழுத்துச் செல்லும் நீரோட்டம் உண்டாகிறது. கேப் டவுன் நகரின் மிக ஆபத்தான கரைகளில் ஒன்று என்று மொன்வாபிசி பெயரெடுத்துவிட்டது. அங்கே பறிபோன உயிர்கள் பல.

எண்ணிப் பாருங்கள்! வீட்டிலே நீச்சல்குளம், பள்ளியிலே நீச்சல் பயிற்சி, கரையிலே காவலர் என்று எல்லாம் வாய்த்தவனுக்குச் சாதுவான கடல். நீச்சல் கற்க ஒரு குட்டைகூட இல்லாதவனுக்குச் சீறும் கடல். இயற்கை செய்த வேறுபாடா இது? அலைகளைப் பிரித்தது இயற்கை. ஆட்களைப் பிரித்து எந்த அலைக்கு எவன் என்று பட்டியல் போட்டது அரசு. தெருவிலே நடக்க உரிமை கேட்டு 1924 இல் வைக்கத்தில் நின்றவர்களின் வழிவந்த நமக்கு, இந்தப் பட்டியலின் கையெழுத்து எங்கோ பார்த்ததாகவே தோன்றுகிறது.

நம்மவர்க்கும் அங்கே பங்கு கொடுத்தார்கள், சும்மா இல்லை! தமிழர் பெருந்தொகையாக வாழும் டர்பன் நகரில், கடற்கரையைத் துண்டு துண்டாக்கி இந்தியருக்கென்று ஒரு துண்டு அளந்துவிட்டனர். கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாக அழைத்தபோது கடலைத் தாண்டி வரலாம்; கரும்பு வெட்டி ஓய்ந்த பின் கடலில் கால் நனைக்க அளவுகோல்! தில்லையாடி வள்ளியம்மை அந்த மண்ணில் சிறை சென்று 1914 இல் உயிர்நீத்தது இதற்காகவா? இனவெறியைக் கண்டித்துத் தென்னாப்பிரிக்காவோடு வாணிகத்தை முறித்துக்கொண்ட முதல் நாடு இந்தியா என்பதை இங்கே நினைவூட்டுவது தகும். ஆண்டு 1946.

அதே டர்பனில் 1972 இல் நடந்ததைக் கேளுங்கள். ஹவாய்த் தீவிலிருந்து எட்டி ஐகாவ் என்ற வீரர் அலைச்சறுக்குப் போட்டிக்கு வந்திறங்கினார். அலைச்சறுக்கை உலகுக்கு அளித்ததே ஹவாய் மக்கள்தாம். அவர்களிலே தலைசிறந்தவர் இவர். கடற்கரைக் காவலராக எத்தனையோ பேரைக் கரை சேர்த்தவர். போட்டிக்கு அழைத்தவர்கள் அவர் தோலின் நிறத்தை எண்ணிப் பார்க்க மறந்தார்கள் போலும்! விடுதியில் இடமில்லை என்று விட்டது. டாம்சன் என்ற வெள்ளைக் குடும்பத்தார் தம் வீட்டிலே தங்க வைத்தனர். அந்தக் குடும்பத்துப் பிள்ளை ஷான், 1977 இல் உலக வெற்றி வீரரானார். ஐகாவோ, 1978 இல் ஹவாய் அருகே தோணி கவிழ்ந்து தோழர்கள் தத்தளித்தபோது, உதவி தேடி வருகிறேன் என்று பலகையில் ஏறித் துழாவிச் சென்றார். சென்றவர் திரும்பவே இல்லை. மற்றவர்கள் பிழைத்தனர். இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் படுக்க ஓர் அறை கொடுக்க மறுத்தது அந்த ஊர்.

விளையாட்டிலே அரசியல் கலக்கலாமா என்று கேட்பவர்கள் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர். கலந்தவர் யார்? 1983, 1984 ஆகிய இரண்டு ஆண்டுகளும் உலகப் பட்டம் வென்ற ஆஸ்திரேலியர் டாம் கரோல், 1985 இல் தென்னாப்பிரிக்கப் போட்டிகளுக்குப் போகமாட்டேன் என்றார். போகாவிட்டால் புள்ளிகள் போகும், பட்டம் போகும், பணமும் போகும். போகட்டும் என்றார் அந்த இளைஞர்! உள்ளூரிலும் வெள்ளையரல்லாத இளைஞர்கள் சும்மா இருக்கவில்லை. கேப் டவுனில் காஸ் கோலியர் என்ற பையன் நிறத்தடைக் காலத்திலேயே பலகையைப் பிடித்து வளர்ந்தான். பின்னாளில் மெக்சிகோ நாட்டுக் கடலில் நடந்த பேரலைப் போட்டியில், வெள்ளை இளைஞர் ஒருவரோடு ஓரணியாக நின்று உலகப் பட்டத்தைத் தட்டிக்கொண்டு வந்தான்.

1989 வந்தது. மக்கள் கடற்கரைக்கே கிளம்பிவிட்டனர். ஆகஸ்டு 19 அன்று, ஃபால்ஸ் பே விரிகுடாவின் மறுகோடியில் உள்ள ஸ்ட்ராண்ட் என்ற வெள்ளையர் கரைக்குப் பேராயர் டெஸ்மண்ட் டுட்டு முதலானோர் திரண்டு சென்றனர். எதற்கு? ஆட்சியைக் கவிழ்க்கவா? ஆயுதம் ஏந்தவா? கடலோரத்திலே உணவுக் கூடையைப் பிரித்து உட்கார! அதற்குத்தான் நாயும் சாட்டையுமாய் வந்து நின்றது காவற்படை. சாலைகளை மறித்தது. கூட்டத்தில் ஒரு பகுதி வேறொரு வெள்ளையர் கரைக்குப் போயிற்று. அங்கும் அதே கதைதான். அடுத்த மாதம் டர்பன் கடற்கரையிலும் மக்கள் இறங்கினர். மூன்றே மாதம்! நவம்பர் 16 அன்று குடியரசுத் தலைவர் டி கிளர்க், கடற்கரைகள் எல்லாருக்கும் திறக்கப்படும் என்று அறிவித்தார். 1990 அக்டோபரில் 1953 ஆம் ஆண்டுச் சட்டமே தொலைந்தது.

பலகையைப் பிடுங்கியாயிற்று, சரி. பிறகு? கயலிட்சா இருந்த இடத்தில்தான் இருக்கிறது. மியூசன்பர்க்குக்கு வர வேண்டுமென்றால் வண்டிச் சத்தம் வேண்டும். பலகைக்கும் ரப்பர் உடுப்புக்கும் வாடகை வேண்டும். நீந்தத் தெரிந்திருக்க வேண்டும். சட்டம் தடுத்ததைச் சட்டைப்பை தடுக்கிறது! கரையோரத்துக் கடைகளில் கறுப்பு இளைஞர்கள் பயிற்றுநராக வேலை பார்ப்பதைக் காணும்போது நமக்கு மகிழ்ச்சிதான். ஆனால் பாடத்துக்குப் பணம் கட்டி வருகிறவர்களில் எத்தனை பேர் கயலிட்சாவிலிருந்து வருகிறார்கள் என்ற கேள்வியும் கூடவே எழுகிறது.

இந்த இடத்தில்தான் ஒரு நல்ல முயற்சியைக் குறிப்பிட வேண்டும். 2009 இல் டிம் கோனிபியர் என்ற ஆங்கிலேயரும் அவ்வட்டாரத்துக் கறுப்பு இளைஞர் சிலரும் சேர்ந்து, குடியிருப்புப் பிள்ளைகளுக்கு வார இறுதியில் அலைச்சறுக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினர். அது 'வேவ்ஸ் ஃபார் சேஞ்ச்' என்ற அமைப்பாக வளர்ந்தது. 2017 இல் உலக அளவிலான லாரியஸ் விருதும் பெற்றது. வன்முறையைக் கண்ணால் கண்டு, வீட்டிலும் தெருவிலும் அடிபட்டு, வாய் திறக்காமல் ஒடுங்கிப்போன பிள்ளைகளையே அவர்கள் தேடிப் பிடிக்கிறார்கள். கற்றுக்கொடுப்போர் அதே குடியிருப்புகளில் பிறந்தவர்கள். முதலில் நீரிலே விளையாட்டு. அப்புறம் மணலில் வட்டமாக உட்கார்ந்து பேச்சு. அலையில் விழுந்து எழுந்த பிள்ளைக்கு வாய் திறக்கிறதாம். மருத்துவர்கள் இதற்கு என்ன பெயர் வைத்தாலும் வைக்கட்டும். நான்கு விநாடி பலகையில் நின்றவன் முகத்தைப் பற்றி மேலே சொன்னோமே, அதுதான் மருந்து என்பது நம் துணிபு.

மியூசன்பர்க் மலைச்சரிவில் இன்னொரு காட்சி. உட்கார்ந்த இடத்திலிருந்து கடலையே பார்த்துக்கொண்டிருப்பார் ஒருவர். சுறா நடமாட்டத்தைக் கவனிப்பதே அவர் தொழில். 2004 இல் தொடங்கிய ஏற்பாடு இது. பச்சைக்கொடி பறந்தால் கடல் தெளிவு. கறுப்புக்கொடி என்றால் நீர் கலங்கிப் பார்வை எட்டவில்லை. சிவப்பு என்றால் எச்சரிக்கை. சுறா உருவம் பொறித்த வெள்ளைக்கொடி ஏறிச் சங்கும் ஊதினால், அத்தனை பேரும் கரையேற வேண்டும். எல்லாரையும் ஒரே குரலில் அழைக்கிறது சங்கு. கரையில் வரிசையாக நிற்கும் மரக்குடில்களுக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று இன்று எத்தனை வண்ணம்! ஒரே ஒரு வண்ணத்தைத் தவிர வேறெதையும் பொறுக்காத கரை அது ஒரு காலத்தில்.

மொன்வாபிசியிலும் அந்த அமைப்பினர் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு நீரில் இறங்குகிறார்கள். சாதுவான கரைக்கு எல்லாப் பிள்ளைகளையும் ஏற்றிச் செல்ல முடியாது; ஆகவே சீறும் கரைக்கே போய், எந்தப் பக்கம் நீர் இழுக்கும், இழுத்தால் எதிர்த்துப் போராடாமல் எப்படிப் பக்கவாட்டில் நீந்தித் தப்புவது என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். வெள்ளை ஆட்சி விட்டுச்சென்ற சுவர் அங்கேதான் இருக்கிறது. அதனருகே போகாதே என்பதுதான் அந்தப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டிய முதற்பாடம்.